தாடை அறுவைக்குப் பிறகு எலும்பைப் பிடித்து நிறுத்துவது எது: ஸ்குரூவா, பிளேட்டா, தசையா?

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் இல்லையா. மகளுக்கு 20 வயது. கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கிறது, மேல்தாடை உள்ளே தங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பார்க்கும் சர்ஜன் இரண்டு தாடைகளையும் வெட்டி, மேல்தாடையை 5 மி.மீ. முன்னாலும் கீழ்த்தாடையை 4 மி.மீ. பின்னாலும் நகர்த்தலாம் என்கிறார். மேலே நான்கு டைட்டானியம் பிளேட், கீழே பக்கத்துக்கு மூன்று ஸ்குரூ. உங்கள் கணவரின் சித்தப்பாவுக்கு எழுபதுகளில் தாடை அறுவை நடந்தபோது வாயைக் கம்பியால் கட்டி ஒன்றரை மாதம் வைத்திருந்தார்கள். இவளுக்கு அப்படிக் கட்டப்போவதில்லை என்றதும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் வீட்டுப் பெரியவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. எது பலம், கரையும் பிளேட் போடலாமா, தாடை பழைய இடத்துக்கே திரும்புமா, தைப்பூசக் காவடிக்கு அலகு குத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதல் பதில் இது: உங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கும் ஸ்குரூவும் பிளேட்டும் போதுமான பலம் உள்ளவை. தாடை நின்ற இடத்தில் நிற்குமா என்பதை அவற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பவை இரண்டு. எலும்பு எந்தத் திசையில் நகர்ந்தது என்பது ஒன்று. பூட்டும்போது காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு சரியான இடத்தில் இருந்ததா என்பது மற்றொன்று. சர்ஜனிடம் கேட்க வேண்டியதும் இந்த இரண்டைத்தான்.

சித்தப்பா காலத்துக் கதையிலிருந்து தொடங்குவோம். கீழ்த்தாடையின் பின்பகுதியைப் பக்கவாட்டில் இரண்டு பலகையாகப் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்றை வழுக்கி நகர்த்தும் முறையை ட்ரௌனர், ஓப்வேகெசர் என்ற இரண்டு சர்ஜன்கள் 1957-இல் வெளியிட்டார்கள். 1961-இல் டால் பான்ட் அந்த வெட்டை முன்பக்கம் நீட்டினார், எலும்பும் எலும்பும் ஒட்டும் பரப்பு அதனால் கூடியது. முறை நன்றாக இருந்தது, பூட்டத்தான் நல்ல வழி இல்லை. இரண்டு பலகையையும் மெல்லிய எஃகுக் கம்பியால் முடிந்தார்கள். கம்பி இழுவையைத் தாங்கும். சுழற்சியையும் வழுக்கலையும் தடுக்காது. அதனால்தான் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கட்டி, பல்லையே பூட்டாகப் பயன்படுத்தினார்கள். எலும்பு கூடும்வரை ஆறு முதல் எட்டு வாரம் வாய் திறக்க முடியாது, உறிஞ்சித்தான் சாப்பாடு. திடீரென்று வாந்தி வந்தால் கம்பியை வெட்டுவதற்குத் தலைமாட்டில் எப்போதும் ஒரு கட்டர் இருக்கும். இவ்வளவு கஷ்டப்பட்டும் தாடை நகர்ந்தது. கட்டப்பட்டவை பற்கள் மட்டுமே, பின்னால் இருக்கும் எலும்புத் துண்டைத் தசைகள் தங்கள் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தன.

1974-இல் சுவிட்சர்லாந்தில் வேலை செய்த ஸ்பீசல் என்ற சர்ஜன் இந்தப் பிளவை ஸ்குரூ போட்டு இறுக்கிக் காட்டினார். கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரான்ஸில் மிஷலேயும் ஷாம்பியும் தாடை எலும்பு முறிவுக்குச் சின்ன பிளேட்டுகளைக் கொண்டுவந்தார்கள். இன்று செய்வதெல்லாம் இந்த இரண்டின் வாரிசுதான். ஆகவே வாயைக் கட்டாதது அலட்சியம் அல்ல. பூட்டும் வேலை பல்லிடமிருந்து எலும்புக்கே போய்விட்டது, அவ்வளவுதான். அவளுக்கும் பல்லில் ரப்பர் மாட்டுவார்கள். அது கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தை, சரியான இடத்துக்கு வழிநடத்த, வாயைப் பூட்டுவதற்கு அல்ல.

இனி ஸ்குரூவா பிளேட்டா என்ற கேள்வி. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். கீழ்த்தாடை ஒரு நெம்புகோல். வெட்டு கடைவாய்ப்பல் பக்கத்தில் இருக்கிறது. முன்பல்லில் எதையாவது கடித்தால், அந்த இடம் வெட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஒரு பக்க வெட்டின் பங்குக்கு 50 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 5 கிலோ பாரம் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பகுதி கீழே இறங்கப் பார்க்கும். வெட்டின் மேல்விளிம்பு பிரிய முயலும், கீழ்விளிம்பு நெருங்கும். பிரியும் விளிம்பில், நெருங்கும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பிளேட் இருந்தால் அது தாங்க வேண்டிய இழுவை 125 நியூட்டன். அதே பிளேட்டை நடுவில், 1 செ.மீ. உயரத்தில் வைத்தால் 250 நியூட்டன். பிளேட் அதேதான், கடித்ததும் அதேதான், வைத்த இடம் மாறியதால் பாரம் இரட்டிப்பு. இது தோராயக் கணக்குதான், உண்மையான தாடையில் எலும்பு உரசி நிற்பதும் தசைகளும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் எங்கே வைக்கிறோம் என்பது எவ்வளவு தடிமன் என்பதைவிடப் பெரிய விஷயம் என்று இதில் தெரியும்.

சுழற்சி அடுத்த சிக்கல். ஒற்றை ஆணியில் மாட்டிய படம் ஆடும், இன்னொரு ஆணி தள்ளி அடித்தால் நிற்கும். இங்கேயும் அதே நியாயம்தான். மூன்று ஸ்குரூவையும் மேல்விளிம்பில் ஒரே கோட்டில் போடலாம். அல்லது மேலே இரண்டு, கீழே ஒன்று என்று முக்கோணமாகப் போடலாம், தலைகீழ் எல் வடிவம் என்பார்கள். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தாடை மாதிரிகளிலும் ஆட்டு, பன்றித் தாடைகளிலும் பின்பக்கத்தைக் கவ்வி, முன்பல்லிலோ கடைவாய்ப்பல்லிலோ பாரம் ஏற்றி, எத்தனை மி.மீ. நகர எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று பல ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். கணினி மாதிரியிலும் செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வரிசைதான் வருகிறது. இரண்டு எலும்புச் சுவரையும் துளைத்துப்போகும் 2 மி.மீ. ஸ்குரூ மூன்றை முக்கோணமாகப் போட்டது அதிக விறைப்பு. நேர்கோட்டில் போட்டது அதற்குக் கீழே. வெளிச்சுவரை மட்டும் பிடிக்கும் குட்டை ஸ்குரூக்களோடு ஒற்றை பிளேட் போட்டது கடைசி. பிளேட்டோடு ஒரு நீள ஸ்குரூவும் சேர்க்கும் கலப்பு முறை நடுவில் நிற்கிறது.

அப்படியானால் எல்லோருக்கும் முக்கோண ஸ்குரூ போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆய்வுக்கூட வரிசையை அப்படியே நோயாளிக்குப் பொருத்துவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. சோதனையில் தாடை உடையும்வரை, வளையும்வரை பாரம் ஏற்றுகிறார்கள். அறுவை முடிந்த ஆள் அப்படிக் கடிக்கவே மாட்டார். நல்ல ஆரோக்கியமான ஒருவர் கடைவாய்ப்பல்லில் பல நூறு நியூட்டன் விசையோடு கடிக்கக்கூடியவர்; அறுவைக்குப் பிந்திய முதல் வாரங்களில் வலி, வீக்கம், தசை இறுக்கம் எல்லாம் சேர்ந்து அதில் சிறு பங்குதான் வரும். அந்தச் சிறு பங்கை ஒற்றை பிளேட்டே தாங்கிவிடுகிறது. அதனால்தான் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து ஒப்பிட்டால், சாதாரண அளவு நகர்த்தலில் ஸ்குரூ போட்டவருக்கும் பிளேட் போட்டவருக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. பத்து மி.மீ. முன்னால் கொண்டுவருவது, தாடையைச் சுழற்றுவது, எலும்பு மெலிந்திருப்பது, இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர் என்று வரும்போதுதான் கூடுதல் விறைப்புக்குத் தேவை வருகிறது. அங்கே இரண்டு பிளேட்டோ கலப்பு முறையோ போடுவது நியாயம்.

விறைப்புக்கு விலையும் உண்டு. ஸ்குரூவில் இரண்டு வகை. வெளிச்சுவர்த் துளையைப் பெரிதாக்கி, உள்சுவரில் மட்டும் மரை பிடிக்க வைத்தால் ஸ்குரூ இறுக இறுக இரண்டு பலகையும் நெருங்கும். அப்படி நெருக்கினால் நடுவில் ஓடும் நரம்பு நசுங்கலாம், பின்துண்டு திருகிக்கொண்டு மூட்டு இடம் மாறலாம். இரண்டு சுவரிலும் மரை பிடிக்கும்படி போட்டால் பலகைகள் இருந்த இடைவெளியிலேயே நிற்கும், நெருக்கல் இல்லை. கீழ்த்தாடைப் பிளவுக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம், உங்கள் சர்ஜனும் அதைத்தான் போடுவார் என்று நினைக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்குரூவை நேராகச் செலுத்தச் சில சமயம் கன்னத்தில் சில மி.மீ. அளவுக்கு ஒரு சின்னக் கீறல் போட வேண்டிவரும். வளைந்த டிரில் இருந்தால் வாய் வழியாகவே முடித்துவிடலாம். பிளேட் என்றால் எல்லாமே வாய்க்குள்.

இன்னொன்று, நோயாளிகள் யாரும் கேட்பதில்லை, ஆனால் எனக்கு இது முக்கியம்: துளை போடும் சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதம் தொடங்கிவிடும் என்று எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 1983-இல் காட்டினார்கள். சூட்டில் செத்த எலும்பில் போட்ட ஸ்குரூ அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், சில வாரத்தில் தளரும். கூரான டிரில், மெதுவான வேகம், நிறையத் தண்ணீர். எந்தக் கம்பெனி ஸ்குரூ என்பதைவிட இது பெரிது.

மேல்தாடையில் கதை வேறு. அங்கே எலும்பு பல இடத்தில் முட்டை ஓடு அளவுக்குத்தான் இருக்கும். மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் கன்ன எலும்பின் அடியிலும் மட்டும் தூண் மாதிரி கெட்டியான எலும்பு உண்டு. கடிக்கும் பாரம் பெரும்பாலும் இந்த நான்கு தூண் வழியாக மண்டைக்கு ஏறுகிறது. அதனால் நான்கு பிளேட், தூணுக்கு ஒன்று. தாடை 5 மி.மீ. முன்னால் வரும்போது மேலெலும்புக்கும் கீழெலும்புக்கும் இடையே ஒரு படி விழும். பிளேட்டை அந்தப் படிக்கேற்ப வளைக்க வேண்டும். டைட்டானியத்தைத் திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் வளைத்தால் அந்த இடம் களைத்துப் பிறகு முறியும். சரியாகப் பொருந்தாத பிளேட்டை ஸ்குரூவால் இறுக்கினால் பிளேட் எலும்போடு சேராது, எலும்புதான் பிளேட்டை நோக்கி இழுபடும். ஸ்கேன் எடுத்துக் கணினியில் திட்டமிட்டு அந்த ஆளுக்கென்றே அச்சிடும் பிளேட் இப்போது வருகிறது, வளைக்கும் வேலையே இல்லை. நல்ல பொருள்தான், விலையும் அதிகம். 5 மி.மீ. நகர்த்தலுக்கு அது கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். எதைப் போட்டாலும் மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல திட்டங்களில் உடலுக்குள் வைக்கும் உலோகத்துக்குத் தனி வரம்பு உண்டு, தாடை அறுவைக்கே வரம்பு வைத்திருப்பதும் உண்டு.

கரையும் பிளேட் பற்றி. இவை பாலிலாக்டிக் அமில வகைப் பொருள். விறைப்பை ஜிகாபாஸ்கல் என்ற அலகில் அளப்பார்கள்: டைட்டானியம் சுமார் 110 ஜிகாபாஸ்கல், கெட்டி எலும்பு 10 முதல் 20 வரை, இந்தப் பொருள் சில ஜிகாபாஸ்கல் மட்டுமே. அந்தக் குறையை ஈடுகட்டத் தடிமனாகச் செய்கிறார்கள், தடிமன் கூடினால் ஈறுக்கடியில் கையில் தட்டுப்படும். துளைக்குத் தனியாக மரை வெட்ட வேண்டும், இல்லையென்றால் ஸ்குரூ தலை முறுக்கிக்கொண்டு உடையும். கரையும் காலத்தில் சிலருக்கு அந்த இடம் வீங்கும். வளரும் குழந்தைகளின் மண்டை எலும்புக்கு இவற்றை நான் மனதார வரவேற்பேன். இரண்டு தாடையும் நகரும் உங்கள் மகளுக்கு டைட்டானியமே போடுங்கள். அது காந்தத்தில் ஒட்டாது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். கிருமி சேராமல், உறுத்தாமல் இருந்தால் ஆயுளுக்கும் உள்ளேயே விட்டுவிடலாம்.

சரி, திரும்பிவிடுமா என்ற கேள்விக்கு வருவோம். இதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் புரோஃபிட், டர்வி, ஃபிலிப்ஸ் மூவரும் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து, எந்த நகர்த்தல் நிற்கும், எது நழுவும் என்று ஒரு வரிசையை 1996-இல் வெளியிட்டார்கள், 2007-இல் புதுப்பித்தார்கள். மேல்தாடையை மேலே ஏற்றுவது நன்றாக நிற்கும். காரணம் எளிது, ஒவ்வொரு கடியும் வெட்டை இன்னும் நெருக்கி அமுக்குகிறது. அதே தாடையைக் கீழே இறக்கினால் ஒவ்வொரு கடியும் அதை மேலே தள்ளும், அதனால் நழுவும். பிளேட் இரண்டிலும் ஒன்றுதான். கடி துணைக்கு வருகிறதா எதிர்த்து வருகிறதா என்பதே வித்தியாசம். மேல்தாடையை அகலப்படுத்துவதும் நழுவும் பட்டியலில்தான், அண்ணத்தின் தோல் இழுத்துக்கொண்டே இருக்கும். மேல்தாடையை முன்னால் கொண்டுவருவது நல்ல நிலைப்பு உள்ளது. ஐந்தில் நான்கு பேருக்கு 2 மி.மீ.-க்குள்தான் மாற்றம். கீழ்த்தாடையைத் தனியாகப் பின்னால் தள்ளுவது பட்டியலில் கீழே இருக்கிறது.

அது ஏன் என்று புரிந்துகொண்டால் அறுவை அறையில் என்ன நடக்கிறது என்பதே புரிந்துவிடும். கீழ்த்தாடையின் முன்துண்டைப் பின்னால் தள்ளும்போது, காதடியில் இருக்கும் பின்துண்டும் கூடவே கொஞ்சம் பின்னால் சாய்ந்துவிடும். மயக்கத்தில் தசை முழுவதும் தளர்ந்திருப்பதால் அது எதிர்ப்புக் காட்டாது. அந்தச் சாய்வோடே ஸ்குரூவை இறுக்கிவிட்டால், மேசையில் எல்லாம் பிரமாதமாக இருக்கும். தசை விழித்ததும் பின்துண்டைப் பழைய நிமிர்வுக்கு இழுக்கும். பூட்டு உறுதியாக இருப்பதால் முன்துண்டும் சேர்ந்தே முன்னால் வரும். பூட்டு தோற்கவில்லை, தவறான இடத்தில் பூட்டியதுதான் கோளாறு. உறுதியான ஸ்குரூ இந்த விஷயத்தில் உதவாது, தவறைக் கெட்டியாக்கும். அதனால்தான் சர்ஜன் பின்துண்டை அதன் இயல்பான நிமிர்வில் பிடித்துக்கொண்டு, மூட்டு முனையை அதன் குழியில் மெதுவாக உட்கார வைத்துவிட்டு, இடைவெளி இருந்தால் எலும்பைச் சீவிவிட்டு, பிறகு பூட்ட வேண்டும். பூட்டி முடித்ததும் பல்லில் போட்ட தற்காலிகக் கட்டை அவிழ்த்து, தாடையைத் தானாகத் திறந்து மூட விட்டுப் பார்ப்பார். கடி கொஞ்சம் தள்ளிப்போனாலும் ஸ்குரூவைக் கழற்றித் திரும்பப் போட வேண்டும். அந்த நேரத்தில் பொறுமையாக இருக்கும் சர்ஜன் கிடைப்பது எந்த உலோகத்தையும்விட மேல்.

முழுக் கோளாறையும் கீழ்த்தாடையிலேயே தீர்க்காமல், மேல்தாடையை 5 மி.மீ. கொண்டுவந்து கீழ்த்தாடைக்கு 4 மட்டும் விட்டிருப்பதிலிருந்தே உங்கள் சர்ஜன் இந்த வரிசையை மனதில் வைத்துத்தான் திட்டமிட்டிருக்கிறார் என்று தெரிகிறது. அவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: வளர்ச்சி முழுவதும் நின்றுவிட்டதா? பல மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேயை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தெரியும். கீழ்த்தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் எந்த ஸ்குரூவாலும் அதை நிறுத்த முடியாது. 20 வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் நின்றிருக்கும், இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் உங்கள் பங்கு முதல் ஆறு வாரம். எலும்பு கூட வேண்டுமென்றால் வெட்டு இடைவெளியில் அசைவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். பெரன் என்பவர் இதைக் கணக்கிட்டார்: இடைவெளியின் அகலத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இழுபட்டால் முதிர்ந்த எலும்பு அங்கே உருவாகாது, 10 சதவீதம் வரை குருத்தெலும்பு மாதிரியான திசு தாக்குப்பிடிக்கும். ஒரு மி.மீ. இடைவெளியில் 2 சதவீதம் என்றால் 0.02 மி.மீ.தான். ஆகவே மென்மையான சாப்பாடு என்று சொல்வதைச் சும்மா சம்பிரதாயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் மாரியம்மன் பூஜைக்குக் காய்ச்சும் புளிச்ச கூழ், மீலி (மக்காச்சோளம்) மாவுக் கஞ்சி, மாஸ் என்கிற புளித்த பால், குழைய வேகவைத்த பருப்பு, மசித்த பூசணி எல்லாம் அவளுக்கு ஏற்றவை. பில்டாங் என்கிற காய்ந்த இறைச்சி வேண்டவே வேண்டாம். சுட்ட மீலியை முன்பல்லால் கடிப்பது மேலே சொன்ன 5 செ.மீ. நெம்புகோல் கணக்கேதான். ஆறு வாரம் கழித்து மெல்ல மெல்லக் கெட்டியான சாப்பாட்டுக்கு வரலாம், பில்டாங்குக்கும் மீலிக்கும் மூன்று மாதமாவது போகட்டும். ரப்பரைச் சொன்ன நேரமெல்லாம் மாட்ட வேண்டும். வீட்டில் யாரும் அவள் பக்கத்தில் புகைக்க வேண்டாம். திடீரென்று கடி மாறினாலோ, கடிக்கும்போது எலும்பு ‘டக்’ என்று அசைந்தாலோ, ஈறிலிருந்து சீழ் வந்தாலோ அன்றைக்கே போன் செய்யுங்கள். முதல் இரண்டு வாரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் எளிதாகச் சரிசெய்யலாம், மூன்று மாதம் கழித்து என்றால் எலும்பைத் திரும்ப வெட்ட வேண்டிவரும்.

அலகு விஷயம். டிசம்பர் விடுமுறையில் அறுவை என்றால் தைப்பூசம் வரும்போது சில வாரம்தான் ஆகியிருக்கும். கன்னத்தில் அலகு சதையைத்தான் துளைக்கிறது, எலும்பைத் தொடாது. பிளேட் அதனால் நகராது. எனக்குக் கவலை கிருமியைப் பற்றி. வாய்க்குள் தையல் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில், பிளேட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் புதிய துளை வேண்டாம். தவிர, கீழ்த்தாடைப் பிளவுக்குப் பிறகு உதடும் மோவாயும் பல மாதம் மரத்திருப்பது சகஜம். வலி தெரியாத இடத்தில் குத்தினால் கோளாறு வந்தாலும் தெரியாது. இந்த வருடம் பால்குடம் எடுக்கட்டும், கனமில்லாத காவடியும் தூக்கலாம், தலை சுற்றாமல் இருக்க நீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரதம் இருப்பாள் என்றால் பருப்பும் பாலும் தினமும் கட்டாயம், எலும்பு கூடும் நேரத்தில் பட்டினி கூடாது. அடுத்த வருடம் உணர்வு திரும்பி, எக்ஸ்ரேயில் எலும்பு முழுக்கக் கூடியது தெரிந்து, சர்ஜனும் சரி என்றால் அலகு குத்திக்கொள்ளலாம். குத்துகிறவரிடம் கன்னத்தின் பின்பகுதியை விட்டு, வாயோரத்துக்குப் பக்கத்தில் குத்தச் சொல்லுங்கள். கீழ்த்தாடை ஸ்குரூ எல்லாம் பின்னால், கடைவாய்ப்பல் பக்கத்தில்தான் இருக்கும்.